கறுப்பு எண்கோணங்கள்

வால்பராய்ஸோ மலையில்
நூற்று அறுபத்திரண்டு படி ஏறினால் எங்கள் வீடு.
மூன்று பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ்.
மூன்று தட்டு, மூன்று நாடு.
எல்லை தாண்டினால் போர்.

மேல்தட்டு பைரனுடையது.
துறைமுகத்தில் இரவு வேலை முடித்து
விடியலில் வருவான்,
கோப்பை நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி
நின்றபடியே விழுங்குவான்.

இங்கே பொட்டலங்களின் நெற்றியில்
கறுப்பு எண்கோணம் அச்சடித்திருக்கும்:
உப்பு அதிகம். சர்க்கரை அதிகம்.
அவற்றைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவந்தான்,
கால்பந்துக்காரர் படம் சேர்க்கிற பையன் மாதிரி.
மார்ச்சில் வெள்ளையாக இருந்த கதவு
ஜூனுக்குள் முக்கால்வாசி இருட்டிவிட்டது.

ஒரு காலை அதன்முன் நின்று எண்ணினான்.
இருநூற்றுப் பதினொன்று.
"இவ்வளவுமா எனக்குள்ள போச்சு?"
நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, சந்தை கலைகிற நேரத்தில்
விலை விழுந்த கீரை, அடிபட்ட தக்காளி,
முகத்தில் எதுவும் எழுதாத சாக்கிலிருந்து
ஒரு கிலோ அவரைப் பயறு.
ஊறவைக்க வேண்டும் என்று தெரியாது.
நாலு மணி நேரம் கொதித்து
கேஸ் தீர்ந்தது, பயறு வேகவில்லை.
கடகடவென்று மென்றான், வீம்புக்கு.
மூன்றாம் வாரம் வெந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால்
சுகாதாரத் துறைச் சுவரொட்டிக்குப் போதும்.

ஆனால் மில்லராய்.
நடுத்தட்டு: ஒரு வெள்ளரிக்காய், அரை எலுமிச்சை.
அவளும் அதே கதவைத்தான்
அத்தனை மாதமும் பார்த்திருக்கிறாள்.
அவனுக்கு உப்பும் சர்க்கரையும் தெரிந்த இடத்தில்
அவளுக்கு 'அதிகம்' மட்டும் தெரிந்தது.
ஆப்பிளுக்கு எண்கோணம் கிடையாது;
அவள் ஒட்டினாள்.
ரொட்டிக்கு, வாழைப்பழத்துக்கு,
கடைசியில்
கண்ணாடியில் நின்றவளுக்கும்.

நான் கவனிக்கவில்லை.
இல்லை, கவனித்தேன்.
"இளைச்சிட்டே, அழகா இருக்கே"
என்று சொன்னதே நான்தான்.
அந்த வார்த்தையை
இனி எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

ஜூலைப் புயலில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை.
ஃபிரிட்ஜின் காலடியில் குளம்.
எல்லைகள் உருகிவிட்டன.
பைரனின் பயறு, என் பூசணித் துண்டு,
கெடப்போகிற இரண்டு சாசேஜ், ஒடித்த ஸ்பகெட்டி,
அவளுடைய அரை எலுமிச்சை,
எல்லாம் ஒரே பானையில்.
மெழுகுவத்தி வெளிச்சம் கதவுவரை எட்டவில்லை.
மூன்று கரண்டி, தட்டு கிடையாது.

எண்ணாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
எண்ணினேன்.
அவள் கரண்டி ஏழு தடவை பானையைத் தொட்டது.
பிறகு, யாரையும் பார்க்காமல்,
"உப்பு பத்தலை" என்றாள்.
பைரன் இருட்டில் தடவி உப்பு ஜாடியைத் தள்ளினான்.
அவ்வளவுதான் நடந்தது.

இப்போது வியாழக்கிழமைகளில்
பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறாள்.
தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பேன்.
சில வாரம் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறோம்.
திரும்புகிற வழியில் பேசுவதில்லை.
இளைத்தது பருத்தது எதுவும்
நான் யாரிடமும் சொல்வதில்லை.

எண்கோணங்களைப் பைரன் கத்தியால் சுரண்டி எடுத்தான்.
பசை போகவில்லை.
தூசி படிந்து
எட்டு மூலையும் இன்னும் தெரிகின்றன.

வெள்ளி இரவில் யார் முறை என்று
எழுதி வைக்கவில்லை.
யாரோ ஒருவர் பயறு ஊறப்போட்டுவிடுகிறோம்.
போன வாரம்
பாத்திரத்தில் ஒரு பிடி கூடுதலாகக் கிடந்தது.
நான் போடவில்லை. பைரன் வேலையில் இருந்தான்.
அதைப் பற்றி
யாரும் யாரையும் கேட்கவில்லை.