நூற்றெண்பது லிட்டர்

இரவு பதினொன்றுக்கு முப்பதாயிரம்.
காலை ஐந்தரைக்கு நூற்றெண்பது குறைவு.
போல்ஸ்வர்ட் பால் ஆலையின் மூன்றாம் கலத்தில்
மூன்று வாரமாகக் கணக்கு உதைக்கிறது.
இடைப்பட்ட நேரத்தில் சாவி வைத்திருப்பவன்
வீப்ரன் ஒருவன்தான்.

மேலாளர் யெல்த்யா யாரையும் குற்றம் சொல்லவில்லை.
"நிரம்புவதைக் கணினியில் ஓட்டிப் பார்" என்று மட்டும் சொல்லி
ஆலையின் வரைபடத்தை என் மேசையில் விரித்தாள்.
அவள் விரல் குழாயின் மேல் இல்லை,
காவல் அறைக் கதவின் மேல் இருந்தது.

கலத்தை நாற்பது லட்சம் கட்டங்களாக வெட்டினேன்.
ஒவ்வொரு கட்டத்திடமும் ஒரே கேள்வி:
உனக்குள் பால் எவ்வளவு, காற்று எவ்வளவு?
ஒன்று என்றால் பால். சுழியம் என்றால் காற்று.
நடுவில் தயங்கும் எண்களில்
நுரை குடியிருக்கிறது.
சுவரிடம் அசையாதே என்றேன்.
குழாயிடம் வினாடிக்கு எட்டு லிட்டர் என்றேன்.
புவியீர்ப்பிடம் எதுவும் சொல்லத் தேவையில்லை,
ஒரு குறியை மாற்றிப் போட்டதில்
பால் கூரைக்கு ஏறிப்போன
அந்த முதல் ஓட்டத்தைத் தவிர.

பன்னிரண்டு வினாடிப் பாலுக்குப்
பதினான்கு மணி நேரம் உழைத்தது கணினி.
காலையில் வந்து பார்த்தேன்.
ஆயிரத்துக்கு ஆறு குறைகிறது.
முப்பதாயிரத்துக்கு?
நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.
நூற்றெண்பது!

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி.
கால்வாய் எது, மேய்ச்சல் எது என்று தெரியவில்லை.
வீப்ரனை நினைத்துக்கொண்டேன்,
சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருப்பான்.

பிறகுதான் அந்த வரி கண்ணில் பட்டது.
ஒன்றைத் தாண்டும் எண்ணை ஒன்றாக்கு.
அதாவது, மிஞ்சிய பாலை
எவரிடமும் சொல்லாமல் வெட்டி எறி.
திருட்டு நிரலுக்குள் நடந்திருக்கிறது.
எழுதியவள் நான்,
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவசரத்தில்.

அந்த எண்ணை அப்படியே அனுப்பியிருக்கலாம்.
அவன் தப்பியிருப்பான்,
தன்னைக் காப்பாற்றியது ஒரு பிழை என்று
தெரியாமலே.
அன்று முழுக்க அந்தக் கோப்பை
அனுப்பவும் இல்லை, மூடவும் இல்லை.

வரியை நீக்கினேன். காலப் படியை நான்காய் உடைத்தேன்.
சனி, ஞாயிறு, திங்கள் மதியம் வரை ஓடியது.
இம்முறை ஒரு சொட்டும் தொலையவில்லை.
நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பால்
பரப்பைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது,
போகும்போது காற்றையும் கையோடு இழுத்துப் போகிறது.
கலமே உப்பிக்கொண்டு நிற்கிறது.
நிறைந்தது தளும்பாது என்பதெல்லாம்
நிறைந்த பிறகு வருகிற கதை.

ஆனால் எனக்குத் தெரிந்தது பன்னிரண்டு வினாடி.
ஆறரை மணி நேர இரவு தெரியாது.
அறிக்கையில் அதை எழுதினேன்.
எழுதிவிட்டு, கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு
ஆலைக்குப் போனேன்.

"என்னைப் பார்க்க வந்தாயா, பாலைப் பார்க்கவா?"
வீப்ரன் கேட்டான், கதவைத் திறக்காமல்.
"பாலை."
திறந்தான். காபி ஊற்றினான். அப்புறம் பேசவில்லை.
பார்வைக் கண்ணாடியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
மாறி மாறி உட்கார்ந்தோம்.
பதினொன்றுக்கு முப்பதாயிரம்.
ஒரு மணிக்கு 29,910.
மூன்றுக்கு 29,850.
நுரை தன் மூச்சை விட்டுக்கொண்டிருந்தது,
கண்ணாடியில் ஒட்டிய குமிழிகள்
ஒவ்வொன்றாய், யாரும் தொடாமலே, உடைந்தன.
ஐந்தரைக்கு 29,820.
அவன் டார்ச்சை அணைத்தான்.
அவன் கை நடுங்கியதை
நான் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

இப்போது குழாயை வளைத்து
சுவரோடு சாய்த்திருக்கிறார்கள்.
பால் சுற்றிக்கொண்டே சத்தமில்லாமல் இறங்குகிறது.
காலையில் குறைவது மூன்று லிட்டர்.
"அது எங்கே போகிறது?" என்றாள் யெல்த்யா.

அளவியில் ஐந்து லிட்டர் பிழை உண்டு என்றேன்.
அது உண்மை.
காவல் அறை வாசலில் ஒரு தட்டு இருப்பதும்,
அதைச் சுற்றி இரண்டு பூனைகள் இருப்பதும்கூட.
என் வரைபடத்தில்
பூனைகளுக்குக் கட்டம் போடவில்லை.