கயிற்றுக்கு விலை இல்லை

தெலுக் ஆயர் கரையில் மழை விட்ட காலை.
தேங்காயெண்ணெய் வாங்கப் போனேன்.
ஒருவேளைக் கஞ்சிக்கே வழியில்லாதவனுக்கு
விளக்கு எதற்கு என்று கேட்காதீர்கள்.
இருட்டில் படுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எண்ணெய்க் குடங்களுக்குப் பின்னால்
மூன்று துணிக்கட்டுகள்.
நடுக்கட்டில் நீல மையில் ஒரு வட்டம்,
உள்ளே 'நெ', கீழே ௪௰௧.

'நெ' என்றால் நெய்னா மரைக்காயர்.
நாற்பத்தொன்று என்று எழுதியது என் கை.
நாகப்பட்டினத்துக் கிட்டங்கியில்
"ஒன்றுக்கு இவ்வளவு வால் எதற்கையா?"
என்று நாகுதா சிரித்த அதே ஒன்று.

கரிமூன் தீவு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்
காற்று செத்தது.
பாய்கள் ஈரவேட்டியாய்த் தொங்கின.
வந்தவர்களுக்குக் காற்று வேண்டாம்,
துடுப்பு இருந்தது.
ஆறு படகு என்று போலீஸ் கச்சேரியில் சொன்னேன்,
எட்டு என்று எழுதிக்கொண்டார்கள்.
எட்டாகவும் இருக்கலாம்.
எண்ணிப் பிழைப்பவன் நான்,
அன்றைக்கு எண்ணவில்லை.

முதலில் சேகண்டிச் சத்தம்தான் வந்தது.
ஒரு கணம் எனக்குச் சாயரட்சை ஞாபகம்,
சொல்லவே வெட்கமாயிருக்கிறது.
இரண்டு பீரங்கியில் ஒன்று வெடித்தது.
மற்றதில் மருந்து நனைந்து கிடந்தது.
நாகுதா கைலியை மடித்துக் கட்டினார்.
அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

குப்பைத்தம்பிக்கு நீந்தத் தெரியும்.
எனக்குத் தெரியாது.
தண்ணீர்ப் பீப்பாயை உருட்டிவந்து
என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டவன்
ஏன் குதிக்கவில்லை?
கச்சேரியில் அதை யாரும் கேட்கவில்லை.

"நல்ல துணி, மலிவு" என்றார் கடைக்காரர் ஓங்
சந்தை மலாயில்.
எங்கிருந்து வந்தது என்றேன்.
"ஆற்றில் வந்தது.
இந்த ஊரில் எல்லாமே
ஆற்றில்தானே வருகிறது, நீ உட்பட."

கட்டு ஐம்பது வெள்ளி.
என் மடியில் இருந்தது ஒன்றரை.
சேவகனைக் கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிட்டால் துணி மரைக்காயருக்குப் போகும்,
இல்லையென்றால் ஏலத்துக்கு.

அப்போதுதான் முடிச்சைப் பார்த்தேன்.
இடக்கைக்காரன் போட்டது.
எல்லாரும் சுற்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றி
இரண்டு தடவை உள்ளே நுழைத்து
மிச்சக் கயிற்றைப் பல்லால் கடித்து எறிவான்,
கத்தி இடுப்பிலேயே இருக்கும்.
எத்தனை கை மாறியும்
ஒருத்தராலும் அதை அவிழ்க்க முடியவில்லை.

"கயிறு மட்டும் கொடு."
ஓங் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"கயிற்றுக்கு விலை இல்லை" என்று
கத்தியை எடுத்து முடிச்சில் வைத்தார்.

கத்தினேன்.
எந்த மொழியில் என்று தெரியாது.
தொங்கானில் அரிசி இறக்கிக்கொண்டிருந்தவர்கள்
மூட்டையோடு திரும்பிப் பார்த்தார்கள்.
பிறகு முடிச்சுக்கு நேர் எதிரே தொட்டுக் காட்டினேன்:
இங்கே வெட்டு.
வெட்டினார். கட்டு தளர்ந்து
ஓரத்தில் கொஞ்சம் நீலத்துணி பிதுங்கியது.

எண்ணெய் வாங்க மறந்துபோனேன்.

இருட்டில் விரலால் தடவினால்
பல் பட்ட இடம் சொரசொரக்கிறது.
கணக்குப் பழக்கம் விடுமா,
தாளைத் தேடி எடுத்து எழுதினேன்:
வரவு, கயிறு, முழம் ௧.
வெளிச்சம் இல்லாததால்
ஒன்றின் வால் தாளைத் தாண்டி
பாயில் ஓடிவிட்டது.