நாற்பத்தெட்டு மணி நேரம்

டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கிறோம்:
48 மணி நேரம் எரியும்.

பனெவெஜிஸ் கல்லறைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து
கெனோவைதே என்பவர் எழுதியிருந்தார்:
'இறந்தோர் நாளுக்கு ஏற்றினேன்.
மறுநாள் இரவு போனால் அணைந்திருந்தது.
என் கணவருக்கு இருட்டென்றால் பயம்.
உங்கள் கம்பெனிக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.'

கடிதம் மூன்று மேசை சுற்றி என்னிடம் வந்தது.
தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்பது
ஒரு ஜன்னல், ஒரு தராசு, நான்.

முதலில் நம்ப வேண்டும்.
விசித்திரம்தான்,
யாரைச் சந்தேகிக்கிறோமோ அவர் சொல்வதை
அப்படியே எழுதிக்கொள்வதில் தொடங்குகிறது சோதனை.
சராசரி நாற்பத்தெட்டு. குறைவு ஏதும் இல்லை.
இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர்.
ஒரு வரி விட்டு, அதன் கீழே, அந்த அம்மாளின் கட்சி:
சராசரி நாற்பத்தெட்டுக்கும் குறைவு.

பிறகு, ஒரு தீக்குச்சியும் உரசுவதற்கு முன்,
கோடு கிழிக்க வேண்டும்.
நூற்றுக்கு ஐந்து.
குற்றமற்ற மெழுகை நூறு தடவை கூண்டில் ஏற்றினால்
ஐந்து தடவை தவறாகத் தண்டிப்பேன்,
அதற்குச் சம்மதம் என்று
மையில் எழுதித் தேதி போட்டேன்.
பென்சிலை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

கிடங்கில் கைக்கு எட்டிய பெட்டியை எடுக்கவில்லை.
எண் குலுக்கி, எண் சொன்ன பெட்டிக்கு ஏணி போட்டேன்.
பதினாறு மெழுகு.
ஏன் பதினாறு என்று கேட்காதீர்கள்,
அலமாரியில் அவ்வளவுதான் இடம்.

இரண்டு இரவு, கேஸ்துதிசும் நானும் முறை போட்டு விழித்தோம்.
நாற்பத்தோராவது மணியில் ஒன்று
தன் மெழுகிலேயே திரி மூழ்கிச் செத்தது.
'இதை விட்டுவிடலாம், இது நோஞ்சான்' என்றான்.
கண்ணாடி உடைந்தால் மட்டுமே நீக்கலாம்
என்று முன்பே எழுதியிருந்தேன்.
கண்ணாடி உடையவில்லை.
நாற்பத்தொன்று.
இன்னொன்று ஐம்பதைத் தாண்டியும்
நாங்கள் காப்பி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சராசரி நாற்பத்தாறரை.
பள்ளம் ஒன்றரை மணி.
ஆனால் ஒன்றரை பெரிதா சிறிதா என்று
ஒன்றரையைக் கேட்டால் தெரியாது.
மெழுகுக்கு மெழுகு எவ்வளவு தள்ளாடுகிறது, அதைக் கேட்க வேண்டும்.
திட்ட விலக்கம் இரண்டு புள்ளி எட்டு,
பதினாறின் வேர் நான்கு,
வகுத்தால் புள்ளி ஏழு.
பள்ளத்தை அதால் அளந்தால்
இரண்டு புள்ளி ஒன்று நான்கு தடவை ஆழம்.
அட்டவணை கிழித்த கோடு ஒன்று புள்ளி ஏழு ஐந்து.

தாண்டிவிட்டது.

குறைவே இல்லையென்று வைத்துக்கொண்டால்
இவ்வளவு பள்ளமோ இதற்கு மேலோ கண்ணில் பட
நூற்றுக்கு இரண்டரை வாய்ப்பு.
நாம் நிரபராதி என்பதற்கான வாய்ப்பு அல்ல அது.
இயக்குநர் நோர்வைஷாவிடம் இதை மூன்று முறை சொன்னேன்.
மூன்று முறையும் தலையாட்டிவிட்டு
'அப்போது இரண்டரை சதவீதம் நம் பக்கம் நியாயம்' என்றார்.

பிறகு, குரலைத் தாழ்த்தி:
'ஐந்துக்குப் பதில் ஒன்று என்று போட்டிருந்தால்?'
'தப்பித்திருப்போம்.'
'இப்போது போடேன்.'
காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன்.
மை காய்ந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

கெனோவைதேக்குப் பதில் எழுதினேன்:
'சராசரி குறைவுதான் என்று முடிவு செய்கிறோம்.
தவறாகவும் இருக்கலாம். அதற்கு இடம் விட்டே எழுதுகிறேன்.
உங்கள் கணவரின் விளக்கைப் பற்றி மட்டும்
என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை.
ஒன்றை வைத்து எதையும் சொல்லத் தெரியாத தொழில் எங்களுடையது.
அன்று காற்று அடித்ததா?'

ஜனவரியில் புது டப்பா வந்தது.
திரியை மாற்றவில்லை. மெழுகைக் கூட்டவில்லை.
ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தார்கள்:
48 மணி நேரம் வரை எரியும்.

அந்த 'வரை'யை எதிர்த்து
எப்படிக் கருதுகோள் எழுதுவதென்று
இன்னும் பிடிபடவில்லை.
காலிக் கண்ணாடி ஒன்றில்
பென்சில் போட்டு வைத்திருக்கிறேன்.