மூன்று நிமிடம்

ஏற்காட்டில், சில்வர் ஓக்குக்கும்
தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே என் ஏரியல்.
மிளகு பறிக்க வருகிறவர்கள்
துணி காயப்போடலாமா என்கிறார்கள்.

இரவு ஒன்பதுக்கு
தூத்துக்குடியிலிருந்து மிக்கேல் பர்னாந்து தட்டுவான்.
முட்டி வலி, சீலா மீன் விலை, மருமகள் வாங்கிய கார்.
அங்கே மழையா?
மழையில்லை, மேகம். ஜன்னலைச் சாத்தணும்.

ஒன்பதே கால்.
பேச்சு பாதியில் நிற்கும்.
கப்பல் கடிகாரத்தில் சிவப்பு தீட்டிய மூன்று நிமிடம்;
யாரும் சாவியைத் தொடக் கூடாது,
மூழ்குகிறவன் கூப்பிட்டால் கேட்க வேண்டும்.
இந்த அலைவரிசைக்கு அந்தச் சட்டம் என்றுமே இல்லை.
இப்போது எதற்கும் இல்லை.

எண்பத்து மூன்றில், வங்காள விரிகுடாவில்,
அந்த மூன்று நிமிடம் நான் மேல்தளத்தில்
சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன்.
இறங்கி வந்து லாக் புத்தகத்தில் எழுதினேன்:
சிக்னல் எதுவும் கேட்கவில்லை.
பொய்யில்லை அது.
அன்று எந்தக் கப்பலும் மூழ்கியதாகத் தகவல் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

ஸ்டெல்லா காபியை வைத்துவிட்டுப் போகிறாள்.
ஹெட்போனில் இரைச்சல், எங்கோ மின்னல்.
அவன் ஏன் நிறுத்துகிறான் என்று
நான் கேட்டதில்லை.

ஒன்பது பதினெட்டு.
முதலில் தட்டுவது எப்போதும் அவன்தான்:
காரின் நிறம் சொன்னேனா?