கழுத்துக்கோடு

நேற்று மத்தியானம் டிவியில் அந்தப் படம்.
கறுப்பியாக நடித்தவளுக்குக்
காதுக்குப் பின்னால் மை பூச மறந்திருக்கிறார்கள்.
உள்ளங்கையைத் திருப்பும்போதெல்லாம்
வேறொருத்தி எட்டிப் பார்க்கிறாள்.

எண்பத்து மூன்று மாசியில், குடியாத்தத்தில்,
தீப்பெட்டிக் கம்பெனி சம்பள நாளின் இரண்டாம் ஆட்டத்தில்
இது எனக்குத் தெரியவில்லை.
பெண்கள் பெஞ்சில், வேர்க்கடலைத் தோலுக்கு நடுவே
நானும் பூஷணமும் அழுதோம்.
மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தின்றுவிட்டு
லெட்டர் போடுகிறோம் என்று எழுந்து போகும் காட்சி.
எனக்கு அந்தத் தையில்தான் நடந்திருந்தது.
எங்கள் வீட்டில் போண்டா.

இடைவேளைக்குப் பிறகு
ஏதோ பச்சிலையில் குளித்து அவள் வெளுத்து வந்தாள்.
கொட்டாய் முழுக்க விசில்.
அப்போதுதான் ஹீரோ அவளை நேராகப் பார்த்தான்.
அவனும் என் நிறம்தான்.
அவன் நிறத்துக்கு ஒரு பாட்டே வைத்திருந்தார்கள்.

மறுநாள் பங்கு போட்டு ஒரு டியூப் கிரீம்.
ஆறு வாரம் என்றது அட்டை.
பூஷணம் பிளேடால் அதை நடுவில் அறுத்தாள்,
ஆளுக்கு மூன்று வார வெளுப்பு.
அதன் மேல் பவுடர்.
குடியாத்தத்து வெயிலில் பத்து மணிக்குள்
புருவத்தில் திட்டு, கழுத்தில் கோடு:
மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.
"இன்னாடி, மாவு மிஷினாண்டேந்து வர்றியா?"
மேஸ்திரி எத்திராஜ் கேட்க,
பெட்டி ஒட்டும் பெஞ்சு மொத்தமும் சிரித்தது.
நானும் சிரித்தேன்,
பூச்சு வெடிக்காத அளவுக்கு.

வைகாசி ஒன்றாம் தேதி
கெங்கையம்மன் சிரசு தெருவில் வந்தது.
ஒருத்தி தலை, வேறொருத்தி உடம்பு.
"ஒட்டின எடம் தெரியுதா பாரு,"
பூஷணம் என் காதில் கேட்டாள்.
தெரியவில்லை. அம்மன் கழுத்தில்
அத்தனை மாலை.
எங்களுக்குத்தான் மாலை இல்லை.

சென்னையில் ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்துப் பூசிய நிறத்தை
என் சம்பளத்தில் நான் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
விளம்பர இடைவெளியில்
பேரணாம்பட்டுக்குப் போன் போட்டேன்.
"படம் ஓடுது, அவ காதுக்குப் பின்னாடி பாரு."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
டிவி சத்தம் மட்டும்.

"என் பாதி டியூப்ல மிச்சம் இருந்துச்சுடி,"
என்றாள் பூஷணம்.
"உனக்குச் சொல்லாம எடுத்து வெச்சேன்.
பொண்ணு பொறந்தா ஆவும்னு."