ஒரு ரவுண்டு

கழுதை கிடைக்கவில்லை.
வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில்
குருத்தோலைக் கட்டு மட்டும் மலையேறி வந்தது.
வாலிபர் சங்கத்து டைட்டஸ்
ஏரிக்கரைக்குப் போய்ப் பேசி முடித்தான்:
நம்பர் நாற்பத்தொன்று, சாம்பல் மட்டக்குதிரை,
சிக்கந்தர் பாயுடையது.
எட்டு மணிக்கு முன்னால் என்றால் பாதி வாடகை.

போன வருஷம் புகை மெஷின்.
அதற்கு முந்தைய கிறிஸ்மஸில்
மன்னவனூர் ஆட்டுக்குட்டிகள் இரண்டு;
ஒன்று ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் குடித்தது.
சபைக்குப் புதுசு வேண்டும் என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்து புதுசாக வேண்டியது
மேற்குப் பக்கத்துத் தகரம்.
நான் கோயில்பிள்ளை. என்னிடம் யார் கேட்டார்கள்.

மூன்றாம் பாட்டில் கதவு திறந்தது.
மூடுபனி முதலில் வந்தது, பிறகு குதிரை,
அதன்மேல் வெள்ளைப் படுக்கைவிரிப்பில்
பொருளாளர் மகன் ஆல்வின்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னதால்
ஒருவரையும் அடையாளம் தெரியாத ஆண்டவராக.
ஓசன்னா என்று பிள்ளைகள் ஓலையை நீட்ட
குதிரை நின்றது.
நீட்டியதையெல்லாம் தின்றது.
பெனினாள் ராத்திரி முழுக்க முடைந்த சிலுவை,
அதையும்.
பாடகர் குழு அதே சரணத்தில்
நான்காவது முறையாக நின்றுகொண்டிருந்தது.

பிறகு யாரும் இழுக்காமலே
பழகிய நடையில்
இடதுபக்கம், பீடத்துப் படி, வலதுபக்கம் என்று
சுற்றிவந்து வாசலில் நின்றுகொண்டது.
ஆல்வின் இறங்கவில்லை;
பிரசங்கம் முடியும்வரை உட்காரச் சொல்லியிருந்தார்கள்.
குதிரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.
"ரவுண்டு முடிஞ்சுது தம்பி, இறங்கிக்க"
என்றார் சிக்கந்தர் பாய்,
செருப்பைக் கழற்றிவிட்டு
வாசற்படிக்கு அப்பாலேயே நின்றபடி.

ஐயர் சிரித்துவிட்டார்.
வேதத்தைத் திறந்தபோது
நடுவழியில் லத்தி
இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலக் கமிட்டியில்
ரிட்டயர்டு நர்ஸ் சலோமி எழுந்தார்:
"மத்தேயு இருபத்தொன்று.
கழுதை ஏழாம் வசனம்.
பன்னிரண்டையும் யாராவது வாசியுங்கள்,
உள்ளே போய் முதல் வேலையாக என்ன செய்தார்?"
யாரும் வாசிக்கவில்லை. டீ வந்துவிட்டது.
ஈஸ்டருக்குப் புறா விடலாம் என்று
டைட்டஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்,
இருபது புறா, கூண்டு வாடகை தனி.

லத்தியை அள்ளி ஐயரம்மா ரோஜாவுக்குப் போட்டேன்.
பீடத்து முதல் படியில் ஒரு லாடத்தின் வளைவு;
மூன்று வாளித் தண்ணீருக்கும் போகவில்லை.
அதன்மேல் மிதியடியை இழுத்துப் போட்டேன்,
பிறகு, ஏனோ, எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஏரிப்பக்கம் போனேன்.
தூறலில் நின்றிருந்தது நாற்பத்தொன்று,
மதுரைக்காரர் ஒருவர் ஏறத் தெரியாமல் ஏற.
கையில் தின்று மிச்சமிருந்த சோளக்கதிரை நீட்டினேன்.
என்னைப் பார்க்கவேயில்லை அது.
கதிரை மட்டும் வாங்கிக்கொண்டு
நடக்கத் தொடங்கியது.