இரண்டு மூன்றுகள்

குணபூசணியின் மொரிஸ் மைனர் கராஜுக்கு வந்தது
உழவு மெஷின் பெட்டியில், மூன்று தவணையாக.
முதல் நாள் உடம்பு. மற்ற நாள் கியர்ப்பெட்டி.
எஞ்சின் என்று சொல்லி அவள் கடைசியாய் இறக்கியது
இரண்டு உரப்பை.

கொட்டிப் பார்த்தேன்.
புளொக், ஒலுமடுப் பக்கம் வரம்போரம் கிடந்ததாம்.
நாலாம் துளைக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.
தண்ணி ஓடும் சுவரில் ஒரு துண்டு இரும்பு செருகி நின்றது.
அது என்னவென்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.
பிடுங்கினேன். ஓட்டைக்குப் பித்தளை அடித்தேன்.
கிராங்க் ஒரு வானுடையது. ஹெட் யாருடையதோ.
கொன்ரொட் நாலு. ஒவ்வொன்றின் தோளிலும்
பிறந்தபோது குத்திய இலக்கம்:
ஒன்று, மூன்று, மூன்று, நாலு.
இரண்டு எங்கே என்றேன்.
"பழைய இரும்புக்காரனிட்டைக் கேளுங்கோ."

பிஸ்டனும் அப்படித்தான்.
மூன்று, நாற்பது ஓவர்சைஸ். ஒன்று அறுபது.
வவுனியா லேத்துக்கார ஜெகசோதி போனில் ஏசினான்:
"மாட்டுக்கு மூண்டு காலில ஒரு லாடம்,
நாலாவதில வேறை லாடமோ?"
ஓம். வெட்டித் தா.

துளை பொருந்தியது, பாரம் பொருந்தவில்லை.
ரொட்டும் பிஸ்டனுமாய் நாலு சோடியையும்
சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு
மாங்குளம் சந்தி அடைவுகடைக்குப் போனேன்.
வரிசையில் பெண்கள்.
காப்பு, சங்கிலி, கடதாசியில் மடித்த தோடு.
என் முறை வந்ததும் மேசையில் வைத்தேன்.
கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதுக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறியள்?"

நிறுக்க மட்டும்தான்.

மூன்று சோடி பெரிய பிசகில்லை.
இரண்டின் இடத்துக்கு வந்த அந்த மற்ற மூன்று
ஒன்றரைப் பவுண் கூட.
போன மாதம் குணபூசணியின் காப்பு
இதே தட்டில் ஏறி இரண்டு பவுண் காட்டியதாம்.
பெயரிங் செற்றும் கஸ்கெட்டும் அதில் வந்தவை.

கூடினதைத் தேய்க்கவேணும்.
தோதான இடம் ரொட்டின் அடிமூடி,
அங்கேதான் இறைச்சி அதிகம்.
மண்ணெண்ணெயில் துடைக்க, கறுப்புக்குக் கீழே
ஆணிமுனை கீறிய எழுத்து.
தேவசகாயம். ஒரு தேதி.
அதற்கும் கீழே: இறுக்கியாச்சு.

எந்த ஊர், எந்தக் கராஜ், தெரியாது.
தேதியைப் பார்த்தால்
ஒரு காது மேலே வானத்தில் இருக்கப் பூட்டியிருப்பான்.
ஒரு மூடி பெற்றோலில் எழுப்பி
மண்ணெண்ணெயில் நடக்கவிட்டிருப்பான்.

கிரைண்டரை நிற்பாட்டினேன்.
பிஸ்டனின் உட்பக்கம் கொஞ்சம்,
ரொட்டின் தலையில் கொஞ்சம்.
ஒரு பவுண் போனது. அரை நின்றது.
இன்னும் சுரண்டினால் பிஸ்டன் வெடிக்கும்.
அந்த அரையை எங்கே எடுக்கலாமென்று தெரியும்.
எடுக்கவில்லை.
இரண்டாம் துளையில் இறக்கி, நானும் இறுக்கினேன்.

எட்டாவது சுழற்றலில் பிடித்தது.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று வெடிக்கவேணும்.
ஒன்று, மூன்று, நாலு, மூன்று என்று வெடித்தது.
எஞ்சினுக்கு எண்ணத் தெரியாது.
வால்வு மூடியில் வைத்த பிளேன்ரீ சிந்தவில்லை,
விளிம்புவரை வந்து வந்து போனது.

"நடுங்குதே" என்றாள்.
"அரைப் பவுண் கணக்கு விட்டிட்டுது."
தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.
"ஆர், அந்த அடைவுக்காரனோ?"

முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றப்போகிறாளாம்.
ஐந்நூறு மைல்வரை நாற்பதுக்கு மேல் மிதியாதையுங்கோ.
பிறகு ஒயிலை இறக்கி, ஊத்திப்போடாமல்
சோடாப் போத்தலில் கொண்டுவாங்கோ.
வெயிலில் பிடித்துப் பார்க்கவேணும்,
எது எதைத் தின்னுது எண்டு.